அண்ணன் பங்கும் நம் கார்டில்தானா?

கேள்வி

எனக்கு வயது 36, கணவருக்கு 39. இருவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இல்லை. மசேநி (மத்திய சேம நிதி) பிடித்தம் போக இருவர் கைக்கும் சேர்த்து மாதம் 6,800 சிங்கப்பூர் வெள்ளி வருகிறது. வீட்டுக் கடன், சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக 900 வெள்ளி மிஞ்சும். அதிலிருந்துதான் கார்டுக்குக் கட்டுகிறோம்.

போன டிசம்பரில் கணவரின் அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நாங்கள் என்று பத்துப் பேர் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குத் தெற்கே கடற்கரையோரம் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். விமான மைல் சேருமே என்று 15,200 வெள்ளிச் செலவையும் என் கணவரின் கார்டிலேயே போட்டார்கள். எங்கள் பங்கு 3,200. அக்கா தன் பங்கு 5,800ஐ ஐந்து மாதத்தில் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்துவிட்டார். அண்ணன் பங்கு 6,200. இதுவரை 1,500தான் வந்திருக்கிறது. அதற்கு முந்திய ஜூனில் எடுத்த சாலே விடுமுறை இல்லத்துக்கும் அவர் 900 தர வேண்டும். இன்று கார்டு நிலுவை 9,400. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம்.

இந்த டிசம்பர் எங்கள் பத்தாவது திருமண நாள். நாங்கள் இருவர் மட்டும் அதே கடற்கரைக்குப் போக ஆசை. கேம்பர்வேன் எடுத்தால் மொத்தம் 5,200 ஆகும். பழைய பாக்கியை வட்டியில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் (கார்டு கடனைச் சில மாதங்களுக்கு வேறு கணக்குக்கு மாற்றுவது) போட்டுவிட்டு இதையும் கார்டில் போடலாம் என்கிறார் கணவர். அண்ணனோ, "நாங்களும் வர்றோம், உன் கார்டுலயே போடு" என்கிறார். என் கணவரின் கணக்கிலேயே தனக்கு ஒரு சப்ளிமெண்டரி (துணை) கார்டும் கேட்கிறார். எங்களிடம் 8,500 வெள்ளி நிரந்தர வைப்பில் 1.5 விழுக்காட்டுக்கு இருக்கிறது. பயணத்தை விட்டுவிடட்டுமா? மாமியாரிடம் சொல்லி அண்ணனைக் கேட்கச் சொல்லலாமா? இராத்திரியில் தூக்கம் வரவில்லை.

பதில்

சகோதரி, பயணத்தை விட வேண்டாம். டிசம்பரில் மட்டும் போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இருவர் சம்பாதிக்கிறீர்கள், வீட்டுச் செலவு கட்டுக்குள் இருக்கிறது, மாதம் 900 மிஞ்சுகிறது. பட்ஜெட் போடுவது எப்படி என்று உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பழக்கம்தான் கெடுதல் செய்கிறது. குடும்பமாக எங்கே போனாலும் எல்லார் செலவும் உங்கள் கணவரின் கார்டில் ஏறுகிறது. அண்ணன் அவருக்கு வசதிப்பட்டபோது கொடுக்கிறார். வங்கி மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை போகிறது. 27 என்று வைத்துக்கொள்வோம். 9,400 வெள்ளிக்கு மாதம் 211 வெள்ளி வட்டி. குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 3 விழுக்காடு, அதாவது 282. நீங்கள் ஒழுங்காகக் கட்டும் 282இல் 71 வெள்ளிதான் அசலில் கழிகிறது. உங்கள் வீட்டுக் கடன் வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாங்கியதாக இருந்தால் வட்டி 2.6 விழுக்காடு. இது அதைப்போல் பத்து மடங்கு.

அந்த 9,400இல் அண்ணன் தர வேண்டியது மட்டும் 5,600. அதற்கான வட்டி மாதம் 126 வெள்ளி. போன ஆண்டு அவர் குடும்பம் சாலேவில் தங்கியதற்கும் கடலில் குளித்ததற்கும் இந்த ஆகஸ்டிலும் மாதாமாதம் 126 வெள்ளி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். யாரும் அவரிடம் சொல்லவில்லையே!

மைல் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை மைல் கிடைத்ததாக வைத்தாலும் 15,200க்கு 22,800 மைல். மைலுக்கு ஒன்றரைக் காசு மதிப்பு என்றால் 340 வெள்ளி. இதில் 7,000 வெள்ளியாவது ஆஸ்திரேலிய டாலரில் போயிருக்கும். அந்நிய நாணயக் கட்டணம் மூன்றேகால் விழுக்காடு போட்டால் அதற்கே 227 வெள்ளி. மிச்சம் 113. அது ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்குத்தான் மைல் லாபம். நிலுவை வைத்திருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். கார்டில் பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 5,200 வெள்ளிப் பயணத்தை இப்போது அந்தக் கார்டில் போட்டால், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அது கடனாக வளரத் தொடங்கியிருக்கும்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். கடனை அடைக்கிற ஆளுக்கு அது உதவும், கடனைத் தள்ளிப்போடுகிற ஆளுக்கு இன்னொரு கடனைக் கூட்டும். உங்கள் கணவர் சொல்கிற மாதிரி பழையதை நகர்த்திவிட்டுப் புதியதை ஏற்றினால், ஆறு மாதம் கழித்து இரண்டு கார்டு, இரண்டு நிலுவை. நான் சொல்கிற வழி வேறு.

நிரந்தர வைப்பிலிருந்து 5,000 எடுத்து இன்றே கார்டில் கட்டுங்கள். அந்த 5,000 வங்கியில் இருந்தால் ஆண்டுக்கு 75 வெள்ளி தரும். கார்டில் அதே தொகைக்கு 1,350 வெள்ளி வட்டி கட்டுகிறீர்கள். முதிர்வுக்கு முன்பே உடைத்தால் அந்த 75 போய்விடும், போகட்டும். மீதி 3,500 அவசரத்துக்கு இருக்கட்டும், தொடாதீர்கள்.

பாக்கி 4,400. இதை மட்டும் ஆறு மாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் போடுங்கள். 2 விழுக்காடு கட்டணம் என்றால் 88 வெள்ளி, மொத்தம் 4,488. ஆறால் வகுத்தால் மாதம் 748. உங்களிடம் மிஞ்சும் 900இல் 750ஐ இதற்கு ஒதுக்குங்கள். செப்டம்பரில் தொடங்கினால் பிப்ரவரியோடு கடன் தீரும். ஆறு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு தவணை தவறினாலும் பெரும்பாலும் தாமதக் கட்டணம் விழும். அந்தக் கார்டில் ஒரு காப்பிகூட வாங்கக் கூடாது. ஆறு மாதம் முடியும்போது மிச்சம் இருந்தால் பழைய வட்டி விகிதம் அப்படியே திரும்பி வரும்.

இந்தக் கணக்கில் அண்ணன் தர வேண்டிய 5,600ஐ நான் சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். வரும் என்று நம்பிக் கடனை வைத்திருந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

அதற்காக அந்தப் பணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கேட்க வேண்டும், உங்கள் கணவர்தான் கேட்க வேண்டும். தம்பி மனைவி நீங்கள் கேட்டால் பேச்சு பணத்தைவிட்டு வேறு எங்கோ போய்விடும். அவர் சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, பேங்குக் கடன் என் பேர்ல வட்டியோட ஏறிக்கிட்டே இருக்கு. உங்க பங்கு 5,600. மாசம் 400 போட்டா பதினாலு மாசத்துல முடிஞ்சிடும். சம்பளத் தேதியில தானா வர்ற மாதிரி பண்ணிடுங்க." வட்டியைக் கேட்க வேண்டாம். நாள் சொல்லாமல் கொடுத்தது உங்கள் தவறும்தான். அசல் வந்தால் போதும். வருகிற ஒவ்வொரு 400உம் முதலில் அவசர நிதிக்குப் போகட்டும். அது பெருகிய பிறகு 500 வெள்ளிக்குக் குறையாமல் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். எந்த மாதமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

சப்ளிமெண்டரி கார்டுக்கு நேராகவே 'இல்லை' என்று சொல்லுங்கள். அவர் தேய்க்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் முதன்மை அட்டைதாரரான உங்கள் கணவர்தான் பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனிப் பயணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை பள்ளி விடுமுறை. கடற்கரை முகாம்களில் இடம் கிடைப்பது பாடு, விலையும் உச்சத்தில் இருக்கும். பல தனியார் முகாம்களில் ஐந்து, ஏழு இரவுகளுக்குக் குறைந்து தரவே மாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காகத்தான் மற்ற இரு குடும்பமும் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தன. உங்கள் இருவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. மார்ச்சில் போங்கள். வெயிலின் கடுமை குறைந்திருக்கும், கடல் தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும்.

கேம்பர்வேனும் வேண்டாம். வாடகைக்கு ஒரு சின்னக் காரும் போன வருடம் வாங்கிய கூடாரமும் இருவருக்குத் தாராளம். நான் போட்ட தோராயக் கணக்கு இது: இருவருக்கும் மலிவு விமானத்தில் 900, ஏழு நாள் கார் 550, முகாம் இடம் 280, பெட்ரோல் 150, சாப்பாடு 450, நாட்டுக்குள் நுழையும் அனுமதி ஆளுக்கு 20 ஆஸ்திரேலிய டாலர் வீதம் 40. ஏறக்குறைய 2,400. மாதம் 150 வீதம் ஆறு மாதத்தில் 900 சேர்ந்துவிடும். டிசம்பரில் உங்கள் கணவருக்கு 13வது மாதச் சம்பளம் வருமென்றால் அதிலிருந்து 1,500 எடுங்கள். ஜனவரியில் டெபிட் கார்டில் டிக்கெட் போட்டுவிடலாம். புதுக் கூடாரத்தை மூன்று தவணையில் வாங்கச் சொல்லி விளம்பரம் வந்தால் கடந்து போங்கள். கோடை வறட்சியில் அங்கே நெருப்பு மூட்டத் தடை இருக்கும், மார்ச்சிலும் தொடரலாம். ஒரு சின்ன எரிவாயு அடுப்பு போதும், அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், விமானத்தில் எரிவாயு கொண்டுபோக முடியாது.

திருமண நாளை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அன்று ஈஸ்ட் கோஸ்ட் அல்லது பாசிர் ரிஸ் பூங்காவில் ஓர் இரவு கூடாரம் போடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் முகாம் அனுமதிக்குக் கட்டணம் இல்லை, முன்கூட்டியே விண்ணப்பித்தால் போதும். டிசம்பர் மழைக்காலம் என்பதால் கூடாரம் ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மார்ச்சில் அண்ணன் குடும்பமும் வருவதாகச் சொன்னால் தாராளமாக வரட்டும். கூடி இருப்பதில்தானே சந்தோஷம். அங்கே முகாம் இடங்களைத் தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறார்கள். பக்கத்து இடத்தின் எண்ணை அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் கார்டில் அவரையே போடச் சொல்லுங்கள். சமையல் சாமான்களை மட்டும் சேர்ந்து வாங்கி செலவை அன்றன்றே பேநவ்வில் (கைப்பேசி வழிப் பணம் அனுப்பும் சேவை) பகிர்ந்துகொள்ளுங்கள்.

மாமியாரிடம் இப்போது சொல்லாதீர்கள். முதலில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசட்டும். ஒரு தாயிடம் போனால் அவர் மூத்த மகனைத் திட்டுவதோடு நிற்க மாட்டார், தன் மசேநி மாதத்தொகையை எடுத்து உங்கள் கையில் வைப்பார். அப்படிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.