பொன்னிக்குக் கத்தி வேண்டாம்

வணக்கம். நீங்கள் எழுதும் கதையில் வேலூர்க் கோட்டை அகழிக்கு அடியில் ஒரு மாய உலகம், அதில் பொன்னி என்ற மருத்துவச்சி நாயகி. கதையைப் படித்த நண்பர்கள் "ரொம்ப சாதுவாக இருக்கிறாள், கத்திச் சண்டை கற்றுக்கொடு" என்கிறார்கள், மாற்றட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள்.

சண்டை போடும் நாயகிகளை எனக்கும் பிடிக்கும். ஆனால் வாள் எடுத்தால்தான் பெண் பலசாலி என்றால், காயம் ஆற்றுவதும் பசி தீர்ப்பதும் ஒரு வேலையே இல்லை என்றாகிவிடும். நம் வீடுகளிலும் இதே கதைதானே? நாள் முழுக்க உழைக்கும் அம்மாவை "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்கிறோம்.

காட்பாடியில் என் அத்தை பிரசவம் பார்த்தவர். விளக்கெண்ணெய் தடவிய கையை வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று தேடுவார். அதுவரை சுற்றி நிற்பவர்கள் மூச்சுகூட விடமாட்டார்கள். எந்தப் போர்க்களக் காட்சிக்கு இது குறைச்சல்?

மணிமேகலை கையில் இருந்தது அமுதசுரபிதான். சிறையில் பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறிட்டாள், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள். நம் வேலூரிலேயே மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினாரே, அது என்ன சாதுவான காரியமா?

சரி, ஒரு குறை சொல்கிறேன். வாள் சண்டைக்கு நான்கு பக்கம் கொடுத்துவிட்டு, எதிரி வீரனுக்குப் பொன்னி கட்டுப்போடுவதை இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். அங்கே நில்லுங்கள். எந்தத் தழையை அரைத்தாள்? அவன் யாரென்று தெரிந்ததும் கை நின்றதா? எழுதியதும் இங்கே போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.