உலைச் சூடும் புராஸ்டேட்டும்

கேள்வி: எனக்கு 52 வயது. வார்ப்பு ஆலையில் உலைக்குப் பக்கத்தில் 20 ஆண்டுகளாக வேலை, அதில் பாதி இரவு ஷிஃப்ட். 57 வயதாகும் என் அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்று என்று தெரியவந்து, ஹார்மோன் ஊசி போட்டுவருகிறார்கள், அடுத்து கதிர்வீச்சு. வெயில் ஏறினால் படாத பாடு படுகிறார். சூட்டிலேயே கிடக்கும் எனக்கும் இது வருமா? குளிர்ச்சியான ஊருக்குப் போய்விடலாமா? வெயில் நாடுகளில்தான் இந்தப் புற்று குறைவு என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: ஊர் மாற வேண்டாம். வெளிச்சூடு புராஸ்டேட் புற்றை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. குளிர் அதைத் தடுக்கும் என்பதற்கும் கிடையாது.

இந்தப் பயம் பெரும்பாலும் விதைகளையும் புராஸ்டேட்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. விதைகள் உடம்புக்கு வெளியே, உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில் இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். உலை வெக்கை அதைக் குறைக்கலாம். வெக்கையிலிருந்து விலகினால் சுமார் மூன்று மாதத்தில் பெரும்பாலும் மீளும். புராஸ்டேட் அப்படி இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், இடுப்பெலும்புக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வெளியே 45 டிகிரி அடித்தாலும் 5 டிகிரிக்கு இறங்கினாலும், வியர்வையும் நடுக்கமும் அந்த இடத்தை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். புராஸ்டேட் திசுவைச் சூட்டால் அழிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குச் செறிவான ஒலி அலைகளைக் குவித்து 60 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. உறையவைத்து அழிக்க மைனஸ் 40 வரை இறக்க வேண்டும்.

வெயில் நாட்டுக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வெயில் குறைந்த மாவட்டங்களில் இந்தப் புற்றால் சாவு கூடுதல் என்று 1992-இல் ஓர் ஆய்வு வந்தது. வெயிலால் கிடைக்கும் வைட்டமின் டி காக்கிறது என்பது அதன் ஊகம். ஆனால் மாவட்டங்களை ஒப்பிட்டுத் தனி மனிதனின் ஆபத்தைச் சொல்லிவிட முடியாது. 25,871 பேருக்குத் தினம் 2000 யூனிட் வைட்டமின் டி அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியான ஆய்வில், புற்று வருவது குறையவில்லை. வெயில் கொளுத்தும் கரீபியன் தீவுகளில் இந்தப் புற்றால் சாவோர் விகிதம் உலகிலேயே மிக அதிகம். ஆஸ்திரேலியாவிலும் நோய் நிறையவே பதிவாகிறது. பரிசோதனை எங்கே அதிகமோ அங்கே கண்டுபிடிப்பதும் அதிகம் என்பதை மறந்துவிடுகிறோம். 1980-களின் கடைசியில், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பரவியதும் அமெரிக்காவில் புதிய நோயாளிகள் எண்ணிக்கை விறுவிறுவென ஏறி, 1992-இல் உச்சம் தொட்டு இறங்கியது. அந்த ஐந்தாறு ஆண்டில் வெயிலா மாறிவிட்டது?

உங்கள் ஆலையில் கவலைப்பட வேண்டியது புகை. அதில் இருக்கக்கூடிய காட்மியம், ஆர்சனிக் இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு முகமை புற்றுக்காரணிகள் என வகைப்படுத்தியிருக்கிறது. நுரையீரல் புற்றுக்கான ஆதாரம் வலுவானது, புராஸ்டேட்டுக்கு ஓரளவுதான். இரவு ஷிஃப்ட் வேலையும் 'அநேகமாகப் புற்றுக்காரணி' என்ற பட்டியலில் இருக்கிறது. பழைய உலோகத்தை உருக்குகிறீர்கள் என்றால் அதில் காட்மியம் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். உலை வாயிலேயே புகையை இழுக்கும் உறிஞ்சி வேண்டும். துணி முகமூடி உலோகப் புகையை நிறுத்தாது. நுண்துகளைப் பிடிக்கும் பி3 அல்லது பி100 வடிகட்டி பொருத்திய, முகத்தோடு ஒட்டி நிற்கும் முகக்கவசம் தேவை. தாடி இருந்தால் ஓரத்தில் புகை புகுந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பெரிய விஷயம் அண்ணனின் நோய்தான். உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் உங்களுக்கான வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இப்படிப்பட்டவர்கள் 45 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. நீங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள், இனித் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனைக்கு முன் 48 மணி நேரம் சைக்கிள், கடும் உடற்பயிற்சி, விந்து வெளியேற்றம் வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் கழித்துப் போங்கள். முடி உதிர்வுக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டெரைடு சாப்பிட்டால் அவசியம் சொல்லுங்கள்: ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு அளவு பாதியாகக் காட்டும். ஒரு மி.லி. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. 4 நானோகிராமுக்கு மேல் போனாலே புற்று என்று முடிவுகட்டாதீர்கள். 4-க்கும் 10-க்கும் இடையில் இருப்போரில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்ஸியில் (திசுத் துணுக்கை எடுத்துப் பார்ப்பதில்) புற்று தெரிகிறது.

கோடையில் உலைக்கருகே நின்று சிறுநீர் எரிந்தால் 'சூடு பிடித்துவிட்டது' என்கிறோமே, அது பெரும்பாலும் தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியாவது. தண்ணீர் குடித்தும் இரண்டு நாளில் அடங்காவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

அண்ணன் படும் பாடு வேறு. ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதால் மூளையின் வெப்பக்கட்டுப்பாடு தடுமாறுகிறது. குப்பென்று சூடேறி வியர்த்துக்கொட்டும். இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. வெயில் அதைத் தூண்டும். சூடான பானம், காரம், மதுவும் தூண்டும். எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் அவருக்கு எது தூண்டுகிறது என்று பிடிபடும். தாங்க முடியாவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரைக் கேட்கட்டும். ஊசியைத் தானாக நிறுத்தவே கூடாது.

கதிர்வீச்சில் ஒரு சிக்கல் கோடையில் அடிக்கடி நேர்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு 350 முதல் 500 மி.லி. தண்ணீர் குடித்து, 30 முதல் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள் (அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்). சிறுநீர்ப்பை நிரம்பினால் குடல் மேலே தள்ளப்பட்டு கதிர் படாமல் தப்பும். வெயிலில் வறண்டுபோய் வந்தவருக்கோ குடித்த நீரை உடம்பே இழுத்துக்கொள்ளும், பை நிரம்பாது, ஸ்கேன் பார்த்துவிட்டு எழுப்பி, பை நிரம்பும்வரை காத்திருக்கவைப்பார்கள். முந்தின நாளிலிருந்தே சிறுநீர் வெளிர் மஞ்சளாகும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். இதய, சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் தடையின்றிப் போகத் தரும் டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா? உடலில் நீர் குறைந்த நாளில் சட்டென எழுந்தால் தலைசுற்றி விழலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் வியர்வையையே குறைத்துவிடும், அதனால் நண்பகல் வெயில் ஆகாது. பிற்பாடு கீமோ கொடுக்கும் கட்டம் வந்தால், உடம்பு சுடும்போது 'ஊசிச் சூடு' என்று விட்டுவிடாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இரவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.