கல்லும் காரையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தின் 'மேனர் ஹவுஸ்' என்பதைச் சிலர் அரண்மனை என்கிறார்கள், சிலர் கோட்டை என்கிறார்கள். எது சரி? (வாசகர், உவர்மலை)

பதில்: இரண்டும் இல்லை. மேனர் என்பது முதலில் ஒரு நிலப்பரப்பு. வயலும் காடும் குடியானவர்களும் அடங்கிய அந்த நிலத்துக்கு உரியவர் இருந்து, வழக்குத் தீர்த்து, வாரம் வாங்கிய வீடுதான் மேனர் ஹவுஸ். அதைக் கோட்டைபோல ஆக்க விரும்பியவர்கள், மதிலின் மேல் பல்வரிசைபோல ஞாயில் வைத்துக் கட்டுவதற்கு மன்னரிடம் அனுமதிப் பத்திரம் பெறுவார்கள். ஷ்ரொப்ஷயரில் உள்ள ஸ்டோக்சேயைக் கோட்டை என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது லட்லோ ஊர்க் கம்பளி வியாபாரி லாரன்ஸ் கட்டிய மேனர் வீடு. அவருக்கு அனுமதி கிடைத்தது 1291இல்.

கேள்வி: இப்படியான வீட்டின் காலத்தைப் பார்த்தவுடன் மதிப்பிட வழி உண்டா? (வாசகி, திருக்கடலூர்)

பதில்: உண்டு. புகை எந்த வழியாகப் போனது என்று தேடுங்கள்.

14ஆம் நூற்றாண்டில் பெருமண்டபம்தான் வீட்டின் உயிர். கூரை வரை திறந்த ஒரே அறை, நடுத்தரையில் விறகு நெருப்பு. புகைபோக்கி கிடையாது. புகை தானாக எழுந்து கூரையில் விட்ட திறப்பால் வெளியேறும். வாசல் மண்டபத்தின் ஒரு கோடியில் இருக்கும். அங்கிருந்து காற்று நெருப்பில் அடிக்காதபடி ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு அப்பால் பானப் பீப்பாய் அறை, பாண் அறை, இரண்டுக்கும் நடுவே குசினிக்குப் போகும் நடை. ('பான்ட்ரி' என்ற சொல் பிரெஞ்சுக்காரரின் ரொட்டியிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் நமக்குத் தந்த 'பாண்' அதே வேர்தான்!) மறுகோடியில் வீட்டுக்காரரின் மேசைக்கு உயர்ந்த மேடை, பக்கத்தில் பெரிய யன்னல். ஆகவே முகப்பில் வாசல் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பெரிய யன்னல் ஒன்று தெரிந்தால் உள்ளே பழைய மண்டபம் இருக்கக்கூடும். கென்ட் மாவட்டத்துப் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸில், 1341ஐ ஒட்டிக் கட்டிய மண்டபத்தின் நடுவில் எண்கோண அடுப்பு இன்றும் இருக்கிறது.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் நெருப்பு சுவரோரம் போய், செங்கல் புகைபோக்கி எழுந்தது. புகை நீங்கியதும் மண்டபம் கூரை வரை திறந்திருக்கத் தேவையில்லாமற் போயிற்று. குறுக்கே தளம் போட்டார்கள், மேலே அறைகள் வந்தன, படிக்கட்டுக்குப் பெருமை வந்தது. வாசலும் நடுவுக்கு நகர்ந்தது. சோமர்செற்றின் மொன்டகியூட் வீடு அந்தப் புதிய சமச்சீர் முகப்புக்கு நல்ல உதாரணம். அதன் மேல்மாடி நீள்கூடம் மட்டும் 172 அடி.

வீட்டைச் சோதிப்பவர்கள் அதனால்தான் முதலில் கூரைக்குள் ஏறுகிறார்கள். பின்னால் போட்ட தளத்துக்கு மேலே கைமரங்கள் எல்லாம் ஒரே சீராகக் கரிபிடித்திருந்தால், கீழே ஒருகாலத்தில் திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது. ஒன்றிரண்டு மரங்களில் மட்டும் கரி, பயனில்லாத பழைய துளைகள் என்றால் அவசரப்படாதீர்கள். அவை வேறு வீட்டிலிருந்து கழற்றி வந்த மரங்களாக இருக்கலாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வீடுகளின் சுவர் எதனால் ஆனது? (மாணவர், பாலையூற்று)

பதில்: நம் வரிச்சு மண்சுவரின் உடன்பிறப்பு! ஓக் மரச்சட்டத்துக்குள் கம்புகளை நட்டு, மெல்லிய கிளைகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்புவார்கள். சட்டத்தை ஆணியால் அல்ல, மர முளைகளால் இறுக்குவார்கள். பொருத்தின் துளைகளைச் சற்றே விலக்கித் துளைப்பதால், முளையை அடிக்கும்போது மூட்டு இழுபட்டு இறுகும். கறுப்புச் சாயம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம். அதற்கு முன் பல வீடுகளில் மரம் சாம்பல் நிறமாகவே நின்றது. பாரத்தை மறந்தால் என்னவாகும் என்பதற்குச் செஷயரின் லிற்றில் மோர்ட்டன் ஹோல் சாட்சி. மேலே பின்னர் ஏற்றிய நீள்கூடமும் கற்பலகைக் கூரையும் அழுத்தி, கீழ் மாடிகள் வளைந்து நெளிந்து நிற்கின்றன.

கேள்வி: எங்கள் வீடு ஆங்கிலேயர் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். கடல் பக்கச் சுவரில் காரை பொரிந்து உதிர்கிறது. மேசன் சீமெந்து பூசச் சொல்கிறார். பூசலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: தயவுசெய்து வேண்டாம். இங்கிலாந்திலும் பழைய செங்கல் வீடுகளுக்குச் சீமெந்து பூசி, கல்லின் முகமே உரிந்து விழக் கண்டார்கள். ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கொண்டு வருகிறது. சுண்ணாம்பு அதை வெளியே உலரவிடும். சீமெந்து மறிக்கும். உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை நெருக்கி உடைக்கும்.

முதலில் ஈரத்தின் காரணத்தைத் தேடுங்கள். ஒழுகும் பீலி, சுவரோரம் உயர்ந்துவிட்ட முற்றத்து மண், இவையே அநேகமாகக் குற்றவாளிகள். பிறகு தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். நன்கு ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. பூசுமுன் சுவரை இலேசாக நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, நனைத்த சாக்கைச் சில நாள் தொங்கவிடுங்கள். முதற்பூச்சு இறுகிய பிறகே அடுத்தது.

வேலைக்கு மாரி ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் சட்டென்று பறந்து பூச்சு வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் பட்ட பாடு வீண். பால்போல் தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து தரம் அடியுங்கள். நீறாத சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதென்றால், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.