குளிர்ந்த நுண்ணலை ஒளியிலிருந்து காமா கதிர் எப்படிப் பிறக்கிறது? வானத்துக் காமா கதிர்கள் எல்லாமே தலைகீழ் காம்ப்டன் சிதறலால் வருபவையா?

முதல் கேள்வியில் நானே படிக்கிற காலத்தில் ஒருமுறை சறுக்கி விழுந்திருக்கிறேன். அதனால் பதிலின் பெரும்பகுதி அதற்குத்தான் போகும்.

முதலில் நேர் காம்ப்டன். 1923-இல் ஆர்தர் காம்ப்டன் கிராஃபைட்டில் எக்ஸ் கதிரைச் சிதறவிட்டுப் பார்த்தபோது, சிதறி வந்த கதிரின் அலைநீளம் சற்று நீண்டிருந்தது. ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், தன் ஆற்றலில் ஒரு பங்கை எலக்ட்ரானிடம் விட்டுவிட்டு வந்திருந்தது. அங்கே எலக்ட்ரான் கிட்டத்தட்ட சும்மா நிற்கிறது, ஆற்றலோடு வருவது ஃபோட்டான். தலைகீழ் வகையில் கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் 'தலைகீழ்' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நடப்பது அதே மோதல், நாம் நின்று பார்க்கிற இடம்தான் வேறு.

எலக்ட்ரானின் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்ப்போம். அதன் ஓய்வு ஆற்றல், அதாவது சும்மா நிற்கும்போதே அதனிடம் இருப்பது, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். (எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் ஒரு சின்ன அலகு. கிலோ ஆயிரம், கிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி.) அது 1 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பறக்கிறது என்றால், இரண்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 20 லட்சம். இதுதான் லோரன்ட்ஸ் காரணி. (இதைக் குறிக்கிற கிரேக்க எழுத்தும் காமாதான். காமா கதிருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

அண்டம் முழுக்க நிறைந்திருக்கும் 2.7 கெல்வின் நுண்ணலைப் பின்னணியில், ஒரு ஃபோட்டானுக்குச் சராசரியாக 0.0006 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. ஆனால் நம் எலக்ட்ரானுக்கு அது அப்படித் தெரியாது. மழையில் வண்டி ஓட்டினால் செங்குத்தாக விழுகிற துளிகூட முகத்தில் வந்து அறையும் இல்லையா? அதுபோல நாலா பக்கமிருந்தும் வரும் ஒளி எலக்ட்ரானுக்கு நேர் எதிரிலிருந்து வருவதாகவே தெரியும். எதிரே வரும் அலை நெருக்கமாகித் தெரிகிற டாப்ளர் விளைவால் அதன் ஆற்றலும் சராசரியாக 20 லட்சம் மடங்கு ஏறியிருக்கும். நுண்ணலை அங்கே 1,200 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிராகிவிட்டது. 511 கிலோவுக்கு முன்னால் இது தூசு. ஆகவே எலக்ட்ரான் அசைந்துகொடுப்பதே இல்லை. சுவரில் பட்ட பந்துபோல ஃபோட்டான் அதே ஆற்றலோடு வேறு திசையில் திரும்புகிறது.

இப்போது எலக்ட்ரானிலிருந்து இறங்கி நம் இடத்துக்கு வாருங்கள். அங்கே திரும்பிய அந்த எக்ஸ் கதிர் இங்கே இன்னொரு 20 லட்சம் மடங்கு ஏறித் தெரியும். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, ஆக லோரன்ட்ஸ் காரணியின் வர்க்கம். அதற்கு முன்னால் சராசரிக்கு 4/3 என்றும், நேருக்கு நேர் மோதித் திரும்பினால் 4 என்றும் ஒரு எண் வரும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 3 கிகா எலக்ட்ரான் வோல்ட். சந்தேகமில்லாத காமா கதிர். எலக்ட்ரான் இதற்காக இழந்தது ஆயிரத்தில் மூன்று பங்கு.

சரி, நான் விழுந்த கதை. இந்த வர்க்கச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வீட்டுப்பாடத்தில் நுண்ணலைக்குப் பதில் விண்மீன் ஒளியைக் கொடுத்திருந்தார்கள், ஃபோட்டானுக்கு 2 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான் அதே 1 டெரா. சூத்திரத்தில் போட்டு, 10 டெரா எலக்ட்ரான் வோல்ட் என்று விடை எழுதி, அடிக்கோடும் போட்டேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "மீதி 9-ஐ யார் கொடுத்தார்கள்?"

அந்த 2 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரானின் பார்வையில் 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். இது 511 கிலோவைவிடப் பல மடங்கு பெரியது. இனி எலக்ட்ரான் சுவராக நிற்காது, பின்னுக்குத் தள்ளப்படும். 'அசையாத சுவர்' என்று வைத்துப் போட்ட கணக்கு அங்கேயே செல்லாமல் போகிறது. ஆஸ்கர் கிளைனும் யோஷியோ நிஷினாவும் 1929-இல் வெளியிட்ட சூத்திரம்தான் இந்த எல்லையில் உதவும். அது இரண்டு விஷயம் சொல்கிறது. ஒரே மோதலில் எலக்ட்ரான் தன் ஆற்றலில் பெரும்பங்கை ஃபோட்டானிடம் பறிகொடுக்கலாம், ஆனால் தன்னிடம் இருப்பதற்கு மேல் கொடுக்க முடியாது. அப்புறம், அப்படிப்பட்ட மோதல் நடக்கும் வாய்ப்பே குறைந்துவிடும். மிக உயர்ந்த ஆற்றலில் பளிச்சென்ற விண்மீன் ஒளியைவிட, குளிர்ந்த நுண்ணலையும் அகச்சிவப்பும் முக்கியமான இலக்குகளாக ஆவது இதனால்தான். ஏழை ஃபோட்டானாக இருப்பதே அங்கே தகுதி!

பூமியிலும் இதைச் செய்து பார்க்கிறார்கள். ஜப்பானின் ஸ்பிரிங்-8 முடுக்கியில் 8 கிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களுக்கு எதிராகப் புற ஊதா லேசரைப் பாய்ச்சினார்கள். லேசர் ஃபோட்டானுக்குச் சுமார் 3.5 எலக்ட்ரான் வோல்ட். வெறும் வர்க்கக் கணக்கு உச்ச ஆற்றல் ஏறக்குறைய 3.4 கிகா என்கிறது. எலக்ட்ரான் பின்வாங்குவதைச் சேர்த்தால் 2.4. ஆய்வகத்தில் கிடைப்பதும் 2.4-தான்.

வானத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் நண்டு நெபுலா. 1054-இல் சீன வானியலாளர்கள் பதிவுசெய்த சூப்பர்நோவாவின் மிச்சம் அது. நடுவில் ஒரு பல்சார், அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீன், நொடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. அதன் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து சின்க்ரோட்ரான் ஒளியை உமிழ்கின்றன, பிறகு தாங்களே உமிழ்ந்த அந்த ஒளியை மோதி காமா கதிராகவும் மாற்றுகின்றன. நிறமாலையை வரைந்தால் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்கள் தெரியும். முதல் திமில் சின்க்ரோட்ரான், இரண்டாவது தலைகீழ் காம்ப்டன். அழகு என்னவென்றால், இரண்டு திமில்களின் உயர விகிதம் அங்குள்ள காந்தப்புலம் எவ்வளவு வலுவானது என்று காட்டிக்கொடுக்கும். 6,500 ஒளியாண்டு தொலைவில் எந்தக் கருவியையும் கொண்டுபோய் வைக்காமல், அந்தப் புலம் பூமியினுடையதைவிடச் சில ஆயிரம் மடங்கு வலு குறைந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இல்லை, எல்லாமே இப்படி வருவதில்லை. வேகமான புரோட்டான்கள் வாயு மேகத்தில் மோதினால் நடுநிலை பையான்கள் என்ற அற்பாயுள் துகள்கள் பிறக்கும், ஒவ்வொன்றும் சிதைந்து இரண்டு காமா ஃபோட்டான்களாகும். அந்த வகைக்குக் குறைந்த ஆற்றல் பக்கத்தில் ஒரு தனி அடையாளம் உண்டு. ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி செயற்கைக்கோள் அதைக் கண்டதாக 2013-இல் அறிவித்தார்கள். ஆகவே டெலஸ்கோப்பில் காமா கதிர் தெரிந்ததும் 'எலக்ட்ரானா, புரோட்டானா?' என்று ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும். பல பொருள்களில் அது இன்னும் தீரவில்லை.

நண்டு நெபுலாவில் பெரும்பாலும் எலக்ட்ரான் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. 2021-இல் சீனாவின் லாசோ ஆய்வகம் அங்கிருந்து வந்த 1.1 பீட்டா (1,100 டெரா) எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்றை அறிவித்தது. அதுவும் தலைகீழ் காம்ப்டனால் வந்தது என்றால், அதைத் தள்ளிவிட்ட எலக்ட்ரானிடம் அதற்கும் மேல் இருந்திருக்க வேண்டும். என் வீட்டுப்பாடத் தாளின் ஓரத்தில் இருந்த அதே கேள்வி இது. செர்ன் சுரங்கத்தில் இருந்த லெப் முடுக்கி எலக்ட்ரானைக் கொண்டுபோன உச்சம் சுமார் 104 கிகா. அப்படியானால் நண்டு நெபுலாவில் இருப்பது அதைப்போல பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.