செராமிக் கலையைத் தொழிலாக ஏற்க விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள், மண்ணை வனைந்து சூளையில் சுட்டுப் பாத்திரமும் சிற்பமும் படைக்கும் செராமிக் கலையைத்தான் படிப்பேன் என்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் மனம் நோகாமலிருக்கக் கடன் வாங்கியாவது வீட்டு மாடியில் ஒரு மின்சூளையும் சக்கரமும் அமைத்துத் தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை அவள் இன்னொருவருடைய சூளையருகே சில ஆண்டுகள் இருந்து கற்பதற்கு ஒதுக்குங்கள்.

காரணம் இதுதான். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்திக் கிண்ணம் எழுப்புவதை முயற்சியுள்ள எவரும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், சூளை அப்படியன்று. பாத்திரம் முதலில் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுடப்படுகிறது. பிறகு கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற மேற்பூச்சைப் பூசி, ஸ்டோன்வேர் எனப்படும் கல்போல் இறுகும் வகையாக இருந்தால் 1200 டிகிரிக்கு மேல் மறுமுறை சுடப்படுகிறது. ஈரம் முழுதும் வற்றாத பாத்திரத்தைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யும்; மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் 573 டிகிரியையொட்டித் திடீரெனப் பருமன் மாறுவதால், ஆறும்போது அவசரப்பட்டாலும் விரிசல் விழும். கோப்பையின் உடலும் கைப்பிடியும் ஒரே வேகத்தில் உலராவிட்டால் ஒட்டிய இடம் பிரிந்துவிடும். தொடர்ந்து சூளை போடும் ஒரு பட்டறையில் இருப்பவர் இவற்றையெல்லாம் அடுத்தடுத்துக் கண்டு தெளிகிறார். தனியாக மாடியில் எப்போதாவது ஒரு சூளை போடுபவருக்கோ ஒவ்வொரு பிழைக்கும் காரணம் கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆகிவிடுகிறது.

படிப்பைப் பொறுத்தவரை, பெற்றோர் பலரும் செய்யும் ஒரு தவறை நீங்கள் தவிர்க்க வேண்டும். செராமிக் தொழில்நுட்பம் வேறு, செராமிக் கலை வேறு. விருத்தாசலத்தில் உள்ள அரசு செராமிக் பயிலகத்தின் டிப்ளமோவும், அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். செராமிக் தொழில்நுட்பமும் டைல்ஸ், கழிவறைச் சாதனங்கள், உலைச் செங்கற்கள் முதலியவற்றைத் தயாரிக்கும் ஆலைகளுக்கான படிப்புகள். மாதச் சம்பளம் முதன்மை என்றால் அவை நல்ல வழி; ஆனால், கலைஞராக விரும்பும் பிள்ளையை "எல்லாம் செராமிக்தானே" என்று அங்கே சேர்த்துவிடாதீர்கள். கலைக்கு, 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு இருக்கிறது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் செராமிக்கும் கண்ணாடியும் இணைந்த வடிவமைப்புப் படிப்பு உண்டு. அதன் நுழைவுத்தேர்வு கடினமானது என்பதால் வரைதல் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து. செராமிக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் பட்டறையில் பழகியவர்கள் பலர் பின்னர் தங்களுக்கென்று பட்டறை அமைத்தார்கள்; புதுச்சேரியும் ஆரோவில்லும் இன்று ஸ்டோன்வேருக்குப் பெயர் பெற்றிருப்பதற்கு அந்தத் தொடர்ச்சியும் ஒரு காரணம். அத்தகைய பட்டறை ஒன்றில் உதவியாளராகச் சேர வாய்ப்புக் கிடைத்தால், சம்பளம் குறைவென்று தயங்க வேண்டாம். மானாமதுரை போன்ற ஊர்களில் தலைமுறைகளாக மண்பாண்டம் வனையும் குடும்பத்தினரிடமும் அவள் சில மாதங்கள் கற்பது நல்லது. அந்தக் கைவேகமும் மண்ணறிவும் கல்லூரியில் எளிதில் கிடைப்பதில்லை. அவர்களுக்குரிய ஊதியத்தைக் கொடுத்து, மாணவிக்குரிய பணிவோடு அவள் போக வேண்டும்.

இனி வருமானம். கலைக்கூடத்தில் சிற்பங்களை விற்றே வாழ்வோர் மிகச் சிலர். மற்றவர்களுக்கு வருமானம் பல வாய்க்கால்களில் வருகிறது: வார இறுதி வகுப்புகள், பள்ளிக் கலையாசிரியர் பணி, உணவகங்களுக்கான தட்டு, கிண்ணங்கள், கட்டடங்களுக்கான சுவர்ச் சிற்பங்கள், கண்காட்சி விற்பனை. இவற்றுள் உணவக ஆர்டர்தான் ஒழுங்காகப் பணம் தருவது. அதில்தான் கவனமும் மிக வேண்டும். இருநூறு தட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமர வேண்டும். உலர்ந்து சுடும்போது மண் 12 விழுக்காடு சுருங்குமானால், 20 சென்டிமீட்டர் தட்டு வேண்டியவர் ஈரமண்ணில் கிட்டத்தட்ட 22.7 சென்டிமீட்டர் வனைய வேண்டும். பாதித் தொகையை முன்பணமாகப் பெறாமல் மண்ணைத் தொடக் கூடாது என்பதையும், மாதிரித் தட்டுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் இப்போதே அவள் மனத்தில் பதிய வையுங்கள்.

விலை வைப்பதில்தான் இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மண்ணின் விலையை மட்டும் பார்த்து, கோப்பைக்கு நூறு ரூபாய் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கிளேஸ், இரண்டு முறை சுடும் மின்சாரம் அல்லது எரிவாயு, இடத்தின் வாடகை, தன் உழைப்பு நேரம், சூளையில் வீணாகும் பாத்திரங்கள் ஆகிய அனைத்தும் விலைக்குள் வர வேண்டும். நூறு செய்து பதினைந்து வீணானால், செலவு முழுவதையும் மீதி எண்பத்தைந்துதான் சுமக்கிறது. கடைகள் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்வதும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் கடைக்குக் கொடுத்தால் விற்க விற்க நட்டம்தான். கணக்கு எழுதும் பழக்கத்தில் நீங்கள் அவளுக்கு உதவலாம். அது சூளை வாங்கித் தருவதைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

உடல்நலம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. உலர்ந்த மண் தூசியிலுள்ள சிலிக்கா நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், கிளேஸ் பொடி கலக்கும்போது தகுந்த முகக்கவசம் அணிவதும் கட்டாயம். உணவுப் பாத்திரங்களுக்கு ஈயம் கலந்த கிளேஸை அறவே பயன்படுத்தக் கூடாது.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் அழைத்து வாருங்கள். அவள் செய்தவற்றில் அழகானவற்றோடு, விரிசல் விட்டவற்றையும் உடைந்தவற்றையும் கொண்டுவரட்டும். அவை ஒவ்வொன்றும் எதனால் அப்படி ஆயிற்று என்று அவளிடம் கேட்போம். கல்லூரியா, முதலில் ஓராண்டு பட்டறையா என்பதை அதன் பிறகு மூவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.