ஓ.ஆர்.எஸ். அனிமேஷன் படம்: 5 நிமிடம் வேண்டாம்

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுப்பது பற்றி 5 நிமிட அனிமேஷன், வரைய இரண்டே பேர், இரண்டு மாதத்தில் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நீளத்தைக் குறைத்தால் முடியும். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். 5 நிமிடத்துக்கு 3,600 ஆகிவிடும். 90 நொடி என்றால் 1,080. கை, கால், தலையைத் தனித்தனியாக வரைந்து அசைக்கும் கட்-அவுட் முறையில் வேலை இன்னும் குறையும்.

கதைக்கு ஒரே செயல் போதும்: 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைப்பது. கொஞ்சத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போகும், அது குழந்தைக்கு ஆபத்து. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். லிட்டர் அளவை வீட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை வைத்தே காட்டுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் வரட்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கூடவே கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் முக்கியம்தான், ஆனால் அதற்குத் தனிப் படம் எடுங்கள்.

அப்புறம், குரலை முதலில் பதிவு செய்யுங்கள். ஸ்டோரிபோர்டுப் படங்களை (காட்சிகளை வரிசையாகக் காட்டும் முன்வரைவுகளை) அந்தக் குரலோடு ஓட்டி, அங்கன்வாடிக்கு வரும் நாலைந்து அம்மாக்களிடம் காட்டி, பார்த்ததை அவர்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அந்தக் காட்சியை மாற்றிவிட்டு வரையத் தொடங்குங்கள்.