கேஎம்எஸ் சாவிகள்: ஆவணம், அனுமதி, அழிப்பு

கேள்வி: ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ் (அமேசான் கிளவுடில் தரவைப் பூட்டும் குறியாக்கச் சாவிகளை நிர்வகிக்கும் சேவை) சாவிகளுக்கான ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: சாவி ஒவ்வொன்றுக்கும் ஏஆர்என் (சாவியின் முழு அடையாளம்), ஆலியாஸ் (எளிய பெயர்), ரீஜன் (சாவி இருக்கும் கிளவுட் பகுதி), பொறுப்பான குழு, நிர்வகிக்கும் ரோல் (அனுமதிகள் கொண்ட அடையாளம்), பயன்படுத்தும் ரோல், சுழற்சிக் காலம். இவற்றை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சாவி எந்தத் தரவைப் பூட்டியிருக்கிறது என்பதுதான் விடுபட்டுப்போகிறது. பழைய ஆர்டிஎஸ் (தரவுத்தளச் சேவை) ஸ்னாப்ஷாட், பேக்கப் வரை எழுதி வையுங்கள். சாவியை அழிக்கலாமா என்று முடிவெடுக்கும் நாளில் அந்த ஒரு கட்டம்தான் கைகொடுக்கும்.

கேள்வி: ஐஏஎம் பாலிசியில் (பயனர், ரோல்களுக்கான அனுமதி விதி) டிக்ரிப்ட் (பூட்டிய தரவைத் திறக்கும் உரிமை) கொடுத்தும் 'ஆக்சஸ் டினைட்' (அனுமதி மறுப்பு) வருகிறதே?

பதில்: முதலில் கீ பாலிசியை (சாவியோடு ஒட்டிய அனுமதி விதி) திறந்து பாருங்கள். அதில் உங்கள் கணக்கின் ரூட்டை (கணக்கு முழுவதையும் குறிப்பது) பிரின்சிபலாக (அனுமதி பெறுபவர்) கொண்ட பகுதியை யாராவது நீக்கியிருந்தால், ஐஏஎம் பாலிசியில் என்ன எழுதினாலும் செல்லாது. அழைப்பு வேறு கணக்கிலிருந்து வந்தால் கீ பாலிசி, அந்தக் கணக்கின் ஐஏஎம் பாலிசி இரண்டிலும் அனுமதி வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸே நிர்வகிக்கும் சாவியின் பாலிசியை நம்மால் மாற்ற முடியாது. அதனால் அதில் பூட்டிய எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) கோப்பை வேறு கணக்குடன் பகிரவும் முடியாது. சொந்தச் சாவி உருவாக்கி, கோப்பை அதற்கு மாற்றி நகலெடுக்க வேண்டும்.

சிறிய கோப்பு ஏறுகிறது, பெரியது மட்டும் நிற்கிறது என்றால் மல்டிபார்ட் அப்லோடை (கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவது) சந்தேகியுங்கள். அதற்கு ஜெனரேட்டேட்டாகீயுடன் (தரவை நேரடியாகப் பூட்டும் டேட்டா கீயை உருவாக்கும் உரிமை) டிக்ரிப்ட்டும் தேவை.

கேள்வி: சாவி நிர்வாகிக்கு டிக்ரிப்ட் தரவில்லை. அது போதுமா?

பதில்: போதாது. புட்கீபாலிசி (கீ பாலிசியை மாற்றும்) உரிமை உள்ளவர் தனக்கு டிக்ரிப்ட்டை எழுதிக்கொள்ளலாம். கிரியேட்கிராண்ட் (சாவியைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் உரிமை) இருந்தாலும் ஆபத்துதான். இந்த அழைப்புகளுக்கு ஈவென்ட்பிரிட்ஜில் (நிகழ்வு நடந்ததும் செயல்படும் சேவை) அலாரம் வையுங்கள். கிளவுட்டிரெயிலின் (அழைப்புகளைப் பதியும் சேவை) ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் நிற்கும். பதிவுகளைத் தனிக் கணக்கிலுள்ள எஸ்3 பக்கெட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சாவி சுழன்றால் பழைய தரவு திறக்குமா?

பதில்: திறக்கும். கேஎம்எஸ் பழைய சாவிப்பொருளையும் வைத்திருக்கும், ஏஆர்என் மாறாது. சுழற்சிக் காலம் இயல்பாக 365 நாள். 90 முதல் 2560 வரை மாற்றலாம். ஆனால் பழைய தரவு மறுபடி பூட்டப்படுவதில்லை. டேட்டா கீ கசிந்திருந்தால் சுழற்சி காப்பாற்றாது.

கேள்வி: பயன்படாத சாவியை எப்படி அழிப்பது?

பதில்: நேராக அழிக்காதீர்கள். முதலில் டிசேபிள் செய்துவிட்டு, டிக்ரிப்ட் அழைப்புகள் எங்கே தோற்கின்றன என்று கிளவுட்டிரெயிலில் பாருங்கள். பிறகு அழிப்புக்குக் குறித்தாலும் 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, 30-ஐயே எடுங்கள். சில நாள் பிழையே வரவில்லை என்பதை நம்பிவிடாதீர்கள்: ஏற்கெனவே இணைத்திருக்கும் இபிஎஸ் வால்யூம் (சர்வரின் வட்டு) சாவி முடங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும், கழற்றி மறுபடி இணைக்கும்போதுதான் தோற்கும்.